பதில் வணக்கம்

குத்தாலிங்கம் அண்ணாச்சி தன் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் குடும்பக் கராத்தே வகுப்பைத் தொடங்கி வைத்து, போட்டோவுக்காக இடுப்பு வரைக்கும் குனிந்து, குனிந்தது குனிந்தபடியே நின்றுபோன சங்கதியை ஆலடிக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் சொல்கிற யாரும், ஒரு மனுஷன் எப்படி ஐயா நிமிர முடியாமல் போவான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை, எதிரே நின்ற ஆவுடைதான் பதிலுக்குக் குனியவில்லையே, அப்புறம் அவர் எப்படி நிமிர்வார் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

ஆவுடை தையல்காரி. அவள் புருஷன் பரமசிவன் அதே மண்டபத்தில் கரண்டு வேலை பார்த்தவன், ஒரு முகூர்த்த நாளில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஷாக் அடித்துச் செத்துப்போனான். மெயினை நிறுத்திவிட்டுத்தான் அவன் வயரைத் தொட்டான், தொட்டுக்கொண்டிருக்கும்போது மெயினைப் போடச் சொன்னது அண்ணாச்சி. இதைச் சமையல்கட்டில் காய் நறுக்க வந்த ஒருத்தி ஆவுடையின் காதில் மட்டும் சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். அண்ணாச்சியோ போலீசிடமும் ஊரிடமும் சொன்னது வேறு: பய நல்லாக் குடிச்சிருந்தான், தள்ளாடிக்கிட்டே வந்து வயர்ல கைய வச்சான், அந்த இடத்திலேயே முடிஞ்சிட்டான். பரமசிவன் இருமல் டானிக்கின் வாடைக்கே முகத்தைத் திருப்புகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணமும் அந்த மண்டபத்தில்தான் நடக்க வேண்டியிருந்தது, அதனால் ஊர் வாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

ஆவுடை அழுதாள், அழுது முடித்தாள், மெஷினை மிதித்தாள். அவளுக்கு இருந்தது துக்கம் என்றுதான் ஊர் நினைத்தது. துக்கம் பாதிதான், மீதி ஆத்திரம். அதுவும் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மாரிச்செல்வி, குடிகாரன் மகள் என்று சொன்ன ஒருத்தியைக் கடித்துவைத்துவிட்டு வந்து, பையைக் கழற்றாமலே வாசலில் நின்று, "எம்மா, அப்பா நெசமாவே குடிச்சிருந்தாவளா?" என்று கேட்டாளே, அன்றைக்கு அந்த ஆத்திரம் முழுசாகிவிட்டது. ஊர் நம்பினால் தொலையட்டும். பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைப் போட்ட வாயாலேயே அதை எடுக்க வைக்க வேண்டும், எடுக்காவிட்டால் அந்த வாயை உடைக்க வேண்டும் என்று ஆவுடை முடிவு செய்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர் புஷ்பலீலா, ஆள் கொஞ்சம் பருமன், கறுப்பு பெல்ட், ஊரில் கராத்தே வகுப்பு தொடங்கப் போவதாகச் சொன்னார். ஆனால் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து போனைத் தடவுகிற பெற்றோர் தனக்கு வேண்டாம், அப்பா அம்மா பிள்ளை எல்லாரும் வெள்ளை டிரஸ் போட்டு ஒரே வரிசையில் நிற்க வேண்டும், பழைய முறை எதுவோ அந்த முறையில்தான் சொல்லித்தருவேன், இஷ்டம் இருந்தால் வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குத்தாலிங்கம் அண்ணாச்சி முகூர்த்தம் இல்லாத சாயங்காலங்களில் சாப்பாட்டு ஹாலைச் சும்மா தருவதாகவும், தானே மனைவி செண்பகத்தோடும் மகள் நிவேதாவோடும் முதல் குடும்பமாகச் சேருவதாகவும் அறிவித்தார். போட்டோகிராபரையும் அவரே சொல்லிவைத்தார். சாம்பார் வாடை போகாத அந்த ஹாலில் பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் அடுக்கி, தரையைக் கழுவி, ஊரில் முதல்முதலாக ஒரு கராத்தே வகுப்புக்கு இடம் தயாரானது.

டிரஸ் தைக்கிற வேலை ஆவுடைக்கு வந்தது. அவள் ஊர் முழுக்க அளவெடுத்தாள், அண்ணாச்சிக்கும் எடுத்தாள். டேப்பை அவர் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தபோது அவள் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா லூசா வச்சுத் தை ஆவுட, மூச்சு முட்டப்பிடாது" என்றார். அவள் லூசாக வைத்தே தைத்தாள். தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது புஷ்பலீலாவிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"இதுல எதிராளி மூஞ்சில குத்தலாமா மாஸ்டர்?"

"குத்தலாம். ஆனா மூஞ்சிக்கு விரக்கடை முன்னால கையை நிறுத்திடணும்."

"தவறிப்போய்ப் பட்டுட்டா?"

"பட்டுட்டா மன்னிப்புக் கேட்கணும்."

"அவ்வளவுதானா" என்று ஆவுடை சொன்னாள், மறுநாள் தனக்கும் மகளுக்கும் வெட்டிவைத்த துணியில் இரண்டு டிரஸ் தைத்துக்கொண்டாள்.

வகுப்பில் ஜோடி சேர்ப்பது உயரப்படி. குடும்பத்தோடு வந்தாலும் குடும்பத்துக்குள் ஜோடி கிடையாது, ஒரே உயரம் உள்ள இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும் என்பது புஷ்பலீலா மாஸ்டரின் முறை. அண்ணாச்சியின் தலைப்பாகையையும் தடித்த செருப்பையும் கழற்றிவிட்டால் அவரும் தானும் ஒரே உயரம் என்பது அளவெடுத்தவளுக்குத் தெரியாதா என்ன, ஆவுடை முதல் நாளே போய் அவருக்கு எதிரே உள்ள கட்டத்தில் நின்றுகொண்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு குத்து. குடிச்சிருந்தான் என்று சொன்ன அந்த வாயில், தவறிப்போய், ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேட்கத் தயாராக வந்திருந்தாள்.

ஆனால் குத்துக்கு முன்னால் வணக்கம் இருந்தது. "நம்ம ஊர் மாதிரி கை கூப்பறது இல்லை இங்கே" என்று மாஸ்டர் விளக்கினார். "குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோட ஒட்டி வச்சு, எதிராளிக்குக் குனியணும். நீங்க குனிஞ்சா, அவங்க பதிலுக்குக் குனிஞ்ச பிறகுதான் நிமிரணும். முந்தி நிமிர்ந்தா அது மரியாதை இல்லை." பிறகு ஜப்பான் பாஷையில் "ரெய்" என்று உரக்கச் சொன்னார், வரிசை முழுக்கக் குனிந்தது. போட்டோகிராபர் தன் பக்கம் நின்றதால் அண்ணாச்சி எல்லாரையும்விட அதிகமாக, நெற்றி முழங்காலுக்குப் போகிற மாதிரி குனிந்தார். ஆவுடை குனியவில்லை. குனியக் கூடாது என்று அவள் யோசித்து வரவில்லை, அடிக்கத்தான் வந்தாள், ஆனால் அந்த ஆளுக்கு முன்னால் குனிவதற்கு அவள் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நேராக நின்று அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். அண்ணாச்சி நிமிரவில்லை. அதே நேரத்தில் பக்கத்து வரிசையில் தபால்காரர் நம்பிராஜனும் நிமிரவில்லை, ஏனென்றால் அவருக்கு ஜோடியாக நின்ற நர்ஸம்மாவுக்கு அம்மா வீட்டிலிருந்து போன் வந்து அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவள் தம்பி கல்யாணத்துக்குப் பெண் பார்த்த கதை முழுவதையும் கேட்டு முடித்துத் திரும்பி வந்து, ஐயோ அண்ணே என்று சொல்லிக் குனிந்தாள், அந்த நொடியே நம்பிராஜன் விலுக்கென்று நிமிர்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னார் குனியாததால் இன்னார் நிமிரவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று அன்று சாயங்காலமே ஊர் புரிந்துகொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

அண்ணாச்சி வீட்டார் மட்டும் கடமைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாக இருக்கிறது, எதிராளி யார் என்று விசாரித்தார். எண்ணெய் தேய்த்து நீவுகிறவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இது சுளுக்கு இல்லை, பாக்கி நிற்கிற மரியாதை, இதற்கு என்னிடம் எண்ணெய் கிடையாது என்று எழுந்து போனார். கழுத்தைத் தூக்க முடியவில்லை, கண்ணை உருட்டினாலும் எதிரே நிற்கிறவர் முழங்காலுக்கு மேல் தெரியவில்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதில் எல்லார் முகமும் தலைகீழாகத் தெரிந்து அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆகவே அவர் ஊரைப் பாதத்தைக் கொண்டு அடையாளம் காணப் பழகினார், பித்தவெடிப்பு இன்னார், மிஞ்சி இன்னார், ரப்பர் செருப்பு தேய்ந்த பக்கம் இன்னார் என்று.

ஊரும் பழகிக்கொண்டது. மண்டபம் பேச வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து பேசினார்கள். சலூன்காரர் மல்லாந்து படுத்துக்கொண்டு அவருக்குச் சவரம் செய்தார். கராத்தே வகுப்புக்கோ இடமில்லாமல் கூட்டம் வந்தது, நாலு வருஷமாகப் பேசாத ஓரகத்திகள் இருவர் எதிரெதிரே நின்று, நீ முதலில் குனி நீ முதலில் குனி என்று முறைத்து, கடைசியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து தொலைத்துச் சமாதானமானார்கள். ஒரு வாத்தியார் தன் ஜோடியைக் குனிய வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்தார், அவருக்கு மாஸ்டர் தண்டனை கொடுத்தார். ஆளை மாற்றி யாராவது அண்ணாச்சிக்குக் குனியலாமே என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் புஷ்பலீலாவிடம் போய் நின்றபோது, "யாருக்குக் குனிஞ்சாரோ அவங்கதான் குனியணும், அதிலே நான் செய்றதுக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி வகுப்பை விடவில்லை. குடும்ப வகுப்பல்லவா, ஒருவர் வராவிட்டால் மற்றவர்களும் வர முடியாது, நிவேதாவுக்கோ அது பிடித்திருந்தது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் அவர் குனிந்தபடி வந்து தன் கட்டத்தில் நின்றார், ஆவுடை எதிரே நின்று குத்துப் பழகினாள். அவள் கை நன்றாகத் தேறிவிட்டது, தோளிலிருந்து கிளம்பி, திரும்பி, சரியாக அவருடைய வாய் இருக்க வேண்டிய உயரத்தில் போய் நிற்கும், அங்கே வாய் இருக்காது. வாய் எங்கேயோ கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். குனிந்தவனை அடிப்பது முறையில்லை என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இப்படி ஒரு கொடுமையைத் தனக்குத்தானே செய்துகொண்டோமே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அந்தப் பிடரியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவருக்குச் சட்டைகூட அவள்தான் தைத்தாள், வேறு யாருக்கு வரும், முன்பக்கம் கட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும், குனிந்தே கிடக்கிறவனுக்கு உண்டான சட்டை. ஒவ்வொரு தையலையும் ரசித்துத் தைத்தாள்.

வியாபாரிகள் சங்கத்தார் கூட்டமாக அவள் கடைக்கு வந்தார்கள். "நீ ஒரு தடவ குனிஞ்சா என்னம்மா குறைஞ்சிரும்?" என்றார்கள்.

"அவிய ஒரு தடவ சொன்னா என்ன குறைஞ்சிரும்? எம்புருசன் குடிக்கல, மெயினப் போடச் சொன்னது நாந்தான்னு, ஊரு கேக்க, மைக்குல. அதுக்குப் பெறவு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். அவர்கள் அதைக் கொண்டுபோய் அண்ணாச்சியின் பிடரியிடம் சொன்னார்கள். அவர் சிரித்தார். முடியாது என்றார்.

ஏன் சிரிக்க மாட்டார்? அவருக்கு அந்தக் குனிவு மெல்ல மெல்ல லாபமாகிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஆவுடையைத் தெரியுமா, வகுப்பைத் தெரியுமா, வாசலில் ஒரு பெரிய மனிதர் இடுப்பு மடிய நின்று வாங்க வாங்க என்று வரவேற்பதைப் பார்த்து அவர்களுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு வசதி இருந்தும் என்ன பணிவு, என்ன அடக்கம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்பதிவு செய்ய வந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் மேடையில் அவருக்குச் சால்வை போட முடியாமல் முதுகில் விரித்துவிட்டு, பணிவின் திருவுருவம் என்று பட்டம் கொடுத்தார், அந்தப் பட்டத்தோடு தெருத்தெருவாகச் சுவரொட்டி ஒட்டினார்கள், சுவரொட்டியில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டோகிராபர் தரையில் படுத்து எடுத்திருந்தார். ஒன்றை ஆவுடையின் கடைக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டினார்கள்.

ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டே மெஷினை மிதித்தாள். அவள் போட்ட நுகத்தடியை அந்த ஆள் மாலையாகப் போட்டுக்கொண்டுவிட்டார். ஓடிப்போய் இப்போதே ஒரு குனிவு குனிந்து அவரை நிமிர்த்திவிட்டு அந்தப் பட்டத்தைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அப்படி நிமிர்த்திவிட்டால் மாரிச்செல்விக்கு யார் பதில் சொல்வது? அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை, கேட்காமல் இருந்ததுதான் ஆவுடையைத் தின்றது. ஆகவே காத்திருந்தாள், கோபத்தை ஆறவிடாமல் சூட்டிலேயே வைத்துக்கொண்டு.

நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அங்கேதான் அண்ணாச்சிக்கு இடறியது. மனுஷன் எதற்கும் அசராதவர், பெண் விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள், தோளில் தூக்கிக்கொண்டே அலைந்து வளர்த்த பிள்ளை. தாலி ஏறுகிற நேரத்தில் தன் மகளின் முகத்தைத் தான் பார்க்கப் போவதில்லை, அவள் காலைத்தான் பார்க்கப் போகிறோம் என்பது ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் அவருக்கு உறைத்தது, அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. செண்பகம் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு ஆவுடையின் கடைக்கு வந்தாள். வந்தவள் துணியைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவிய சொல்லிருதேன்னு சொல்லுதாவ ஆவுட" என்றாள் கடைசியில். "முகூர்த்தத்துக்கு முன்னால, மைக்குல, எல்லாரும் இருக்கையில. நீ கேட்ட அந்த ரெண்டு வார்த்த."

"சரிக்கா."

"பெறவு நீ குனிஞ்சிருவ இல்ல?"

"மொதல்ல சொல்லட்டும்."

செண்பகம் அவள் முகத்தையே பார்த்தாள். "ஒனக்கு எங்க மேல எம்புட்டுக் கோவம் இருக்கும்னு தெரியாம இல்ல. ஆனா எம்பிள்ள என்ன செஞ்சா?"

"எம்பிள்ள மட்டும் என்னக்கா செஞ்சா" என்று ஆவுடை கேட்டாள். செண்பகம் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பத்திரிகை ஆவுடைக்குத்தான் வந்தது. புருஷன் போனதிலிருந்து ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் அவளை முன்னே வரச் சொன்னது கிடையாது, இப்போது வெற்றிலை பாக்கோடு வந்து, நீ வராமல் முகூர்த்தம் இல்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளும் போனாள். பட்டுச் சேலையில் போகவில்லை. தானே தைத்த வெள்ளைக் கராத்தே டிரஸ்ஸை இஸ்திரி போட்டு, வகுப்பில் தேறி வாங்கியிருந்த மஞ்சள் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மகளையும் அதேபோல் கிளப்பிக்கொண்டு, அத்தனை பட்டுக்கும் பூவுக்கும் நடுவில் நடந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தாலியறுத்தவள் வெள்ளையில் மணவறைக்கு முன்னால் வந்து உட்காருகிறாளே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாத இடத்தில் அவர்களை அவள் வைத்திருந்தாள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அண்ணாச்சியிடம் மைக்கைக் கொடுத்தார்கள், அவர் அதை முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பரமசிவன், நம்ம மண்டபத்துல கரண்டு வேல பாத்தவன். அவன் குடிக்கல. என்னைக்கும் குடிச்சதில்ல. அன்னைக்கு மாப்பிள்ள ரூமுல ஏசி நின்னுபோச்சுன்னு சத்தம் போட்டாவ. அவன் வயர்ல நிக்கான்னு தெரிஞ்சும், மெயினப் போடச் சொன்னது நாந்தான்."

மாரிச்செல்வி அழவில்லை, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பி ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். போதும் என்று ஆவுடை நினைத்தாள். உண்மையாகவே அவள் எழுந்துவிட்டாள், குதிகாலைச் சேர்த்தாள், கையைத் தொடையில் வைத்தாள்.

அப்போது மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தவில்காரர் கோட்டைச்சாமி தொண்டையைக் கனைத்தார். அவர் அந்த மண்டபத்தின் முக்கால்வாசிக் கல்யாணத்துக்கு வாசித்தவர், பரமசிவன் செத்த அன்றைக்கும் வாசித்தவர். "அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார். "சொல்லுதது சொல்லுதிய, முழுசாச் சொல்லிருங்க. எங்ககிட்ட ஓடியாந்து, நிறுத்தாம வாசிங்க, சத்தமா வாசிங்கன்னு சொன்னியளே. ஏன்னு எங்களுக்குப் பெறவுதான தெரிஞ்சுது. அதையும் சொன்னாத்தான் முதுகு நேராவும்."

அண்ணாச்சியின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. பாதி சொன்னால் நிமிர்வது பாதியில் நின்றுவிடுமோ என்று அவர் பயந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாரும் கேட்காமலே மடமடவென்று கொட்டினார்.

"உசுரு இருந்துது. தூக்கியாந்து ஸ்டோர் ரூமுல அரிசி மூட்டையில கெடத்தினோம். தண்ணி கேட்டான். ஆவுடைக்குச் சொல்லி அனுப்புங்கன்னான். காரு வாசல்லதான் நின்னுச்சு. ஆனா அவன அந்த வழியா தூக்கிட்டுப் போனா சபை கலைஞ்சிரும், மண்டபத்துக்குக் கெட்ட பேராயிரும். மொனகிக்கிட்டுக் கெடந்தான். வெளிய கேக்கப்பிடாதுன்னு மேளத்த வாசிக்கச் சொன்னேன். தாலி கட்டி முடியட்டும், பெறவு தூக்கலாம்னு சொன்னேன். முடிஞ்சு வந்து பாக்கையில இல்ல."

அந்த இடத்திலேயே முடிஞ்சிட்டான் என்ற பேச்சை ஆவுடை இத்தனை நாள் சந்தேகப்பட்டதே இல்லை. அது ஒன்றாவது உண்மை என்று நினைத்திருந்தாள், அந்த மட்டுக்கும் அவன் கஷ்டப்படவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரிகளில் தூங்கினாள். அன்றைக்கு அவள் வீட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தாள், மண்டபத்துக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம், கெட்டிமேளம் அவளுக்கும் கேட்டது. என்னமா வாசிக்காவ, யாருக்கோ நல்லபடியா முடிஞ்சது என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

தொடையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். செண்பகம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "சொல்லிட்டாவ ஆவுட. எல்லாத்தையும் சொல்லிட்டாவ. குனிஞ்சிரும்மா, ஒன் காலப் பிடிக்கேன், நேரம் போவுது."

ஆவுடை அண்ணாச்சியின் அருகில் போனாள். அவர் கண்ணுக்கு அவள் பாதம் தெரிந்திருக்கும். சத்தம் போட்டு அவள் பேசவில்லை, ஆனால் மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"தாலி கட்டி முடியட்டும் அண்ணாச்சி."

பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, "வாசிங்கண்ணே" என்றாள். "சத்தமா வாசிங்க."

கோட்டைச்சாமி வாசித்தார். தன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். கெட்டிமேளம் கூரையைத் தூக்கியது, தாலி ஏறியது, எல்லாரும் அட்சதை போட்டார்கள், பாதி அட்சதை அண்ணாச்சியின் முதுகில் விழுந்து அங்கேயே தங்கியது. அவர் மருதாணி போட்ட இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ சொன்னார், அது யாருக்கும் கேட்கவில்லை. மேளம் ஓய்கிற வரைக்கும் ஆவுடை அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அந்த ஒவ்வொரு அடியையும் அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும்.

மேளம் நின்றதும் அவள் அவருக்கு நேர் எதிரே வந்தாள். குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு குறை சொல்ல முடியாதபடி குனிந்தாள்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். முதுகு மளமளவென்று சத்தம் போட்டது. அட்சதை உதிர்ந்தது. அத்தனை நாளும் பாதங்களாக இருந்த ஊர் இப்போது முகங்களாக எதிரே இருந்தது, நம்பிராஜன், நர்ஸம்மா, சங்கத்தார், சலூன்காரர், பணிவைப் பார்த்துக் கண் கலங்கிய வெளியூர்க்காரர்கள், பட்டம் கொடுத்த கட்சிக்காரர், ஒருவர் முகத்திலும் பழைய மரியாதை இல்லை, ஒருவரும் கண்ணை எடுக்கவும் இல்லை. அவர் மகளைத் தேடினார். நிவேதா பக்கத்தில்தான் நின்றாள், கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு, அழுகையை நிறுத்திவிட்டு, அப்பா என்று கூப்பிடாமல், அவரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்ப்பதற்காக அவர் அத்தனையும் சொன்னாரோ அந்த முகம் அதுதான்.

அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. சட்டென்று திரும்பி, ஆவுடையைப் பார்த்து, இடுப்பு வரைக்கும் குனிந்துவிட்டார். தரை தெரிந்தது, பழகிய தரை, யாருடைய கண்ணும் இல்லாத தரை. அங்கேயே கிடந்துவிடலாம் என்று அவருடைய தோள்கள் தளர்ந்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

ஆவுடை உடனே பதிலுக்குக் குனிந்தாள். அவர் விலுக்கென்று நிமிர்ந்தார். மறுபடி மகளின் முகம். மறுபடி குனிந்தார், மறுபடி குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தார். கீழே பந்தி போட்டு இலை விரிக்கிற சத்தம் கேட்டது, யாரும் எழுந்து போகவில்லை. அவர் குனியக் குனிய ஆவுடை மரியாதை குறையாமல் ஒவ்வொரு தடவையும் குதிகாலைச் சேர்த்துப் பதில் வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி எல்லாவற்றையும் அவள் முந்தின நாளே தைத்துக் கொடுத்து முடித்திருந்தாள், அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை எதுவும் இல்லை.